நிம்மதிக்கு நாற்பது சீட்டு

நிம்மதி என்ற சொல்லுக்கு அந்த அலுவலகத்தில் நாற்பது சீட்டுகள் இருந்தன. நாற்பதிலும் சண்டை.

அகராதி அலுவலகம் என்றால் நாலு பேர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மெல்லப் பேசும் இடம் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் அந்த இரண்டாம் மாடிக்கு ஏறிவந்து பார்க்க வேண்டும். மொத்தக் கடையில் மூட்டை இறங்கும் நேரத்தில்கூட அதைவிட மரியாதையாகப் பேசிக்கொள்வார்கள். அங்கே சரக்கு, சொல். யார் எங்கே வாயைத் திறந்து பேசியது காதில் விழுந்தாலும் கால் தாள் சீட்டில் மேலே சொல், நடுவில் பேசிய வாக்கியம் பேசியபடியே, கீழே பேசியவர், இடம், தேதி. பேர் கூடாது, தொழிலோ உறவோ போதும். ஓர் எழுத்தைக்கூடக் கையிலிருந்து போடக் கூடாது. பெட்டிக்குள் போன சீட்டு வெளியே வரக் கூடாது. கடையின் சட்டம் இவ்வளவுதான். இதை மீறி அங்கே யாரும் பிழைத்ததில்லை.

'ந' வரிசை இழுப்பறைகள் பாப்பாவின் பொறுப்பு. பாப்பாவுக்கு வயது நாற்பத்தேழு. அக்கா கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒட்டிக்கொண்ட அந்தப் பேரைக் கேட்டாலே அவளுக்கு எரிச்சல் வரும். கடந்த பன்னிரண்டு நாளாக அப்படிக் கூப்பிட ஆள் இல்லை என்பதில் அதைவிட எரிச்சல். அக்கா வீட்டை விட்டுப் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. போனதற்குக் காரணம் நாற்பதாவது சீட்டு.

அன்று காலை அகராதியின் தலைமை ஆசிரியர் அச்சுப்படியைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி வந்து நின்றார். கொசு அடிக்க வந்தவர் மாதிரி இருந்தது. அலுவலகத்தில் அவருக்குப் பெரிய சீட்டு என்று பட்டம். அவர் எதிரில் யாரும் சொன்னதில்லை. அவருக்குத் தெரியாமலும் இல்லை.

"நிம்மதி எங்கம்மா? அஞ்சு மணிக்கு அச்சகத்துக்குப் போகணும். 'நி' முழுக்கப் போகுது, உங்க நிம்மதி மட்டும் ஓட்டையா நிக்குது."

"பொருள் எழுதியாச்சு. எடுத்துக்காட்டுதான் பாக்கி."

"அத ரெண்டு வாரமா சொல்றீங்க. ஒரே ஒரு சாந்தமான வாக்கியம். நாற்பது சீட்டு வெச்சிருக்கீங்க, ஒண்ணு தேறல?"

பாப்பா சீட்டுக் கட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். பேருந்து நடத்துனர், நெரிசலில்: 'நிம்மதியா நாலு டிக்கெட் கிழிக்க விடறீங்களா?' பல் ஆஸ்பத்திரி வரிசையில் ஒருவர்: 'மனுஷன நிம்மதியா வலிக்கக்கூட விடமாட்டீங்களா?' அடுத்த வீட்டு மாமியார், மருமகளிடம்: 'நான் கண்ண மூடினாத்தான் உனக்கு நிம்மதி.' அதே வீட்டு மருமகள், அரை மணி கழித்து, தொலைபேசியில்: 'அதுக்கும் குடுத்து வெக்கணுமே நிம்மதி.' இன்னொரு சீட்டில் குளியலறைக் கதவுக்கு உள்ளிருந்து ஒரு குடும்பத்தலைவர்.

"என்னம்மா இது. சொல்லு சாந்தம், பேச்செல்லாம் அடிதடி."

"ஜனங்க அப்படித்தான் பேசறாங்க. கையில இருக்கறப்ப யாரும் அந்தச் சொல்ல எடுக்கறதே இல்ல. பறிபோனாத்தான் எடுக்கறாங்க."

எதிர் மேசையில் 'அ' வரிசைக்காரர் சிரித்தார். அவருக்கு ஆனா என்று பேர். அவருடைய 'அமைதி' மூன்று வருடத்துக்கு முன்பே முதல் தொகுதியில் அச்சேறிவிட்டது. அந்தத் திமிர் அவர் உட்காரும் நாற்காலிக்கே இருந்தது.

"என் அமைதிக்கு வம்சம் சுத்தம்மா. அமைன்னு ஒரு வினை. கதவு நிலையில சரியா உக்காந்தா அமைஞ்சுதுன்னு சொல்றோம். வேலை அமைஞ்சுது, வீடு அமைஞ்சுது. அதது அததோட எடத்துல உக்காந்தா அமைதி. உங்க நிம்மதிக்கு அப்பா பேரு என்ன?"

"உங்க இழுப்பறையோட சேத்து வாயையும் மூடுங்க."

அவர் குத்தியது சரியான இடத்தில்தான். நிம்மதியின் பிறப்பிடக் கட்டம் மாதக்கணக்காகக் காலியாகக் கிடந்தது. பக்கத்து மொழிகள் இரண்டில் நெம்மதி என்று இருக்கிறது. ஒன்றில் நம்மைப் போலவே மன நிறைவு, இன்னொன்றில் மெதுவாக, பதறாமல் என்றும் பொருள். அங்கிருந்து இங்கே வந்ததா, எல்லாருக்கும் பொதுவான ஏதோ ஒரு பழைய வீட்டிலிருந்து பிரிந்துபோனதா என்று அடித்துச் சொல்ல ஆதாரம் இல்லை. நிறைந்த மதிதான் நிம்மதி ஆயிற்று என்று ஒரு வாசகர் ஆறு பக்கக் கடிதம் எழுதியிருந்தார். "காதுக்கு இனிச்சா அது வேராம்மா? அப்படின்னா எல்லாச் சொல்லுக்கும் சர்க்கரைதான் வேரு" என்று பெரிய சீட்டு அதைத் திருப்பி அனுப்பினார். கடைசியில் 'அண்டை மொழிகளிலும் உண்டு. மூலம் தெளிவில்லை' என்று எழுதவேண்டியதாயிற்று. மூலம் தெளிவில்லை என்று எழுதும்போதெல்லாம் பாப்பாவுக்குக் கை கூசும். சரக்கை விற்றுவிட்டு எங்கே வாங்கினேன் என்று தெரியாது என்பது போல.

பெரிய சீட்டு நாற்பதாவதில் நின்றுவிட்டார். உரக்கப் படித்தார்.

"'நீ வேலைக்குக் கெளம்பிக் கதவு சாத்தற சத்தம் இருக்கே, அதுதான் எனக்கு நிம்மதி.' பேசியவர் அக்கா, தையற்காரி. இடம் வீடு." அவர் சப்புக்கொட்டினார். "இது போதும்மா. கோவம் இருக்கு, ஆனா பொருள் முழுசா இருக்கு. கதவு சாத்தற சத்தம். அகராதி எழுதறவன் தலைகீழா நின்னாலும் இப்படி வராது. இதத்தான் போடறோம்."

"வேற பாக்கலாமே."

"ஏன்? பொய்ச் சீட்டா?"

பாப்பாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "என் பெட்டியில பொய்ச் சீட்டு கெடையாது."

"அப்ப கையெழுத்து வாங்கிட்டு வாங்க."

அதுவும் சட்டம். வீட்டு ஆள் பேச்சை அச்சில் போட்டால் பேசியவரே சீட்டின் பின்பக்கம் கையெழுத்துப் போட வேண்டும். அதற்காக மட்டும் சீட்டு பெட்டியை விட்டு வெளியே போய்வரலாம். முன்னொரு காலத்தில் ஒருவர் தன் மனைவி பேசியதைத் 'தரித்திரம்' என்ற சொல்லுக்கு எடுத்துக்காட்டாகப் போட்டுவிட்டு, புத்தகம் வந்த அன்று வீட்டுக்குப் போக முடியாமல் அலுவலக மேசையிலேயே படுத்துக் கிடந்ததிலிருந்து வந்த ஏற்பாடு.

சீட்டைப் பையில் போட்டுக்கொண்டு பாப்பா படியிறங்கினாள். ஒரு துண்டுத்தாளுக்காக வீட்டை விட்டுப் போவார்களா? அதுதான் அவள் கேள்வி. உலகத்தில் எந்த அக்காவும் தங்கையும் சண்டை போடாமல் இருக்கிறார்கள்? அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் இந்தச் சொல்லின் அச்சுப்படியைத்தான் மேசையில் விரித்து வைத்திருந்தாள். அடுத்த அறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நிற்கும், ஓடும், நிற்கும், ஓடும். பேச்சு தடித்தது. அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அந்த வாக்கியத்தைச் சொன்னாள். சொன்ன வேகத்தில் அக்காவின் கண் கலங்கியதைப் பாப்பா பார்த்தாள். பார்த்துக்கொண்டே கையை எப்போதும் தோளில் தொங்கும் பைக்குள் விட்டுச் சீட்டை எடுத்து எழுதிவிட்டாள். தேதிகூடப் போட்டாள். தப்பு என்று தெரியவே ஒரு நிமிடம் ஆயிற்று. இருபத்திரண்டு வருடப் பழக்கம். இருமல் வந்தால் வாய்க்குக் கை போவது போலப் போன கை.

அக்கா மெஷினை விட்டு எழுந்தாள். இரண்டு பையில் துணிமணியை அடைத்துக்கொண்டு தன் தையற்கடை மாடி அறைக்குப் போய்விட்டாள். மெஷின் கனம், அது வீட்டிலேயே நின்றது. அதற்குப் பிறகு வீட்டில் சத்தமே இல்லை. குளிர்பெட்டி உறுமுவதும் மேல்வீட்டுக்காரரின் செருப்பும் மட்டும் கேட்டன. பாப்பா ஆசைப்பட்ட அதே சத்தமின்மை. அதில் அவளால் அரைப் பக்கம்கூடத் திருத்த முடியவில்லை. அதற்கும் அக்கா மேல்தான் கோபம் வந்தது.

தையற்கடை மாடியில் அக்கா ஒரு வாடிக்கையாளரோடு பேரத்தில் இருந்தாள். வாயில் மூன்று குண்டூசிகள். குண்டூசியோடு பேசுவது அக்காவுக்கு வெகு காலப் பழக்கம்.

"உடம்பு ரெண்டு விரல் ஏறிட்டா நான் என்னம்மா பண்ணுவேன்? துணியா வளரும்? பிரிச்சுக் குடுக்கறேன், திங்கக்கிழம வாங்க. நாளைக்கேன்னு கேக்காதீங்க, கேட்டா புதன்கிழம ஆயிடும்."

வாடிக்கையாளர் முணுமுணுத்தபடி இறங்கிப் போனார். அக்கா தங்கையைப் பார்த்தாள். ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சுத் திண்டில் குத்தினாள்.

"என்ன. எழுதிக்க வந்தியா?"

"கையெழுத்து வாங்க வந்தேன்."

பாப்பா சீட்டை நீட்டினாள். அக்கா அதைத் தொடவில்லை. மேசையில் வைக்கச் சொல்லி, தூரத்திலிருந்தே படித்தாள்.

"அச்சுல போடப்போறியா இத?"

"பெரியவருக்குப் பிடிச்சிருக்கு. நல்லா இருக்குன்னாரு."

"நல்லாத்தான் இருக்கும். என் வயித்தெரிச்சல் உங்களுக்கு நல்லா இருக்கும்."

"அக்கா, பேச நேரம் இல்ல. அஞ்சு மணிக்கு அச்சகத்துக்குப் போகணும். பேரெல்லாம் வராது. யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே."

"ஒரு கையெழுத்துதானே. ஏன் இவ்வளவு அழிச்சாட்டியம்?"

அக்கா இடுப்பில் கை வைத்தாள். "அழிச்சாட்டியமா. சரி. இந்த வீட்ல பேசறதையே நான் கொறச்சுக்கிட்டேன், தெரியுமா? வாயத் தெறந்தா எழுதிக்கறா. தலைவலின்னா எழுதிக்கறா. போன வருஷம் தூக்கத்துல ஒளறினதக்கூட எழுதி வெச்சிருந்த. அதெல்லாம் போகட்டும். எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. நான் இதச் சொன்னதுக்கு முன்ன நீ ஒண்ணு சொன்னியே. அது எங்க?"

பாப்பாவின் காது சூடாயிற்று. "அது தேவையில்ல."

"ஏன் தேவையில்ல? அதுலயும் இதே சொல்லுதான இருந்துச்சு?"

"ஞாபகம் இல்ல."

"ஊரான் வீட்டு மாமியார் சொன்னதுக்குத் தேதி வெச்சிருக்க, நீ சொன்னது ஞாபகம் இல்ல." அக்கா சீட்டை விரல் நுனியால் அவள் பக்கம் தள்ளினாள். "எடுத்துக்கிட்டுப் போ. நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

பாப்பா வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். தெரு முழுக்க மனசுக்குள் அக்காவோடு சண்டை போட்டுக்கொண்டே நடந்தாள். வாக்குவாதத்தில் அத்தனை சுற்றிலும் ஜெயித்தாள். ஆனால் அலுவலக வாசலுக்கு வந்தபோது ஒரு கணக்கு மட்டும் உதைத்தது. சீட்டு போனால் எடுத்துக்காட்டு இல்லாமல் சொல்லும் போகும். சீட்டு அச்சேறினால் அக்கா இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். இரண்டையும் காப்பாற்ற ஒரு வழி இருந்தது. அந்த வழிக்கு அவள் வாயிலிருந்து ஒரு வாக்கியம் வெளியே வர வேண்டும். அதைத்தான் அவள் பன்னிரண்டு நாளாகப் பூட்டி வைத்திருந்தாள்.

நாலரை மணிக்கு இரண்டாம் மாடிக் கதவு திறந்தது. கழுத்தில் அளவு நாடாவோடு அக்கா நின்றாள். படி ஏறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"இங்க பெரிய சீட்டு யாரு?"

இருபது வருடமாக யாரும் எதிரில் சொல்லாத பேர். 'அ' வரிசைக்கார ஆனா குனிந்து தரையில் எதையோ தேட ஆரம்பித்தார். தலைமை ஆசிரியர் எழுந்தார்.

"நான்தாம்மா."

"அந்தக் கதவு வாக்கியம் என்னுது. எனக்கு அத ஒங்க புத்தகத்துல போட இஷ்டமில்ல. திருப்பிக் குடுங்க."

"பெட்டிக்குள்ள போன சீட்டு வெளிய வராதுங்க. அது எங்க சட்டம்."

"என் கடையில தச்ச சட்ட பிடிக்கலன்னா திருப்பி வாங்கிக்கறேன். ஒங்க கடையில அது கெடையாதா?"

"வேணும்னா சொல்லுங்க, பேசியவர் அக்கான்னு போடாம, தையற்காரின்னு மட்டும் போடறோம்."

"தையற்காரி தங்கச்சியப் பாத்து ஏன் அப்படிச் சொல்லணும்? படிக்கறவங்க என்ன நினைப்பாங்க? ஏதோ ஒரு பிடாரி, சும்மா இருந்த பொண்ணப் பாத்துக் கத்தியிருக்கான்னு நினைப்பாங்க. ஒரு கைய மட்டும் தச்சுக் குடுத்துட்டு முழுச் சட்டைன்னு விக்கறீங்க."

பெரிய சீட்டுக்கு அந்த உவமை பிடித்துவிட்டது தெரிந்தது. கை தன்னையறியாமல் பேனாவைத் தேடியது. பாதியில் நிறுத்திக்கொண்டார். "நீங்க என்னதான் சொல்றீங்க?"

"போட்டா ரெண்டையும் போடுங்க. இல்ல, ரெண்டும் வேணாம். என் வெல இதுதான். இதுக்குக் கீழ எறங்கமாட்டேன்."

"ரெண்டுன்னா? இன்னொண்ணு எது?"

"அவளக் கேளுங்க."

பெரிய சீட்டு திரும்பினார். அவர் முகம் மெல்ல மாறியது. இருபத்திரண்டு வருடத்தில் பாப்பா அந்த முகத்தைப் பார்த்ததில்லை. கத்தும்போதுகூட அந்த மனிதர் இவ்வளவு கோபமாக இருந்ததில்லை.

"அதே சொல்லு, அதே எடம், உங்க காதுல விழுந்துச்சு. நீங்க எழுதல. அப்படித்தானா?"

"நான் பேசினத நானே எப்படி எழுதறது?"

"ஏன், உங்க பேச்சுக்கு மட்டும் சுங்க விலக்கா? காலைல என்ன சொன்னீங்க? என் பெட்டியில பொய்ச் சீட்டு கெடையாது. வராம நிறுத்தின சீட்டு மட்டும் என்னம்மா?"

பாப்பாவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அக்கா மேல், இந்த மனிதர் மேல், மேசைக்கு அடியில் இன்னும் தேடிக்கொண்டிருக்கும் ஆனாவின் முதுகு மேல். எல்லாரையும் பொரிந்து தள்ளலாம் என்று வாயைத் திறந்தாள். வந்தது அதுவல்ல.

"எழுதறேன். இப்ப எழுதறேன். எல்லாரும் பாத்துக்கங்க."

சீட்டை எடுத்தாள். பேனா தாளைக் கிழித்துவிடும் போல அழுத்தி எழுதினாள். நிம்மதி. கீழே: 'உன் மெஷினும் நீயும் ஒரு நாள் தொலைஞ்சா எனக்கு நிம்மதி.' பேசியவர்: தங்கை, அகராதிக்காரி. இடம்: வீடு. தேதி. மேசையில் அடித்து வைத்தாள்.

அக்கா குனிந்து படித்தாள். இந்தத் தடவை கையில் எடுத்தே படித்தாள்.

"தொலைஞ்சான்னு எழுதியிருக்க."

"ஆமா."

"நீ ஒழிஞ்சான்னு சொன்ன."

பேசியது பேசியபடியே. ஓர் எழுத்துகூடக் கையிலிருந்து போடக் கூடாது. அந்த ஒரு சொல்லை மாற்றியது தனக்கே தெரியாமல்தான் என்று சொல்ல நினைத்தாள் பாப்பா. அதுவும் பொய் என்று அவளுக்கே தெரிந்தது. 'தொலைஞ்சா'வை ஒரு கோடு போட்டு அடித்தாள். மேலே 'ஒழிஞ்சா' என்று எழுதினாள். எழுத்து கோணிற்று. அதைத் திருத்தவில்லை.

பெரிய சீட்டு அதை வாங்கி, ஓரத்தில் 39-அ என்று எண் போட்டார். "நாற்பதுக்கு முன்னாடி வரணும். ரெண்டும் போகும், ஒண்ணு கீழ ஒண்ணு." பின்பக்கம் திருப்பி நீட்டினார். முதலில் பாப்பா கையெழுத்துப் போட்டாள். அப்புறம் அக்கா நாற்பதாவது சீட்டை வாங்கி, தைக்கிறவளுக்கே உரிய நெருக்கமான சின்ன எழுத்தில் போட்டாள். அச்சகத்து ஆள் ஐந்துக்கு வந்து அச்சுப்படிக் கட்டை வாங்கிக்கொண்டு போனான்.

அக்கா யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே நடந்தாள். பாப்பா படிக்கட்டு வரை பின்னால் போனாள். கோபம் இன்னும் அப்படியேதான் இருந்தது. ஆனால் அதை யார் மேல் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

"திருப்தியா?"

"இல்ல," என்றாள் அக்கா, படியில் நின்று. "எப்படித் திருப்தி வரும்? சொன்னது சொன்னதுதான. நீயும் சொன்ன, நானும் சொன்னேன். ரெண்டும் மனசுல இருந்ததுதான்."

"அந்தக் கடை மெஷின்ல உன் தையல் கோணலா வருதாமே. கீழ் வீட்டம்மா சொன்னாங்க."

"அவங்க தோளே கோணல்." அக்கா இரண்டு படி இறங்கினாள். நின்றாள். திரும்பாமலே சொன்னாள். "என் மெஷின் பன்னெண்டு நாளா நிக்குது. எண்ணெ விடலன்னா இறுகிடும்."

"எனக்கு விடத் தெரியாது."

"உனக்கு என்னதான் தெரியும். ஞாயித்துக்கிழம காலைல வரேன். எண்ணெ விடத்தான். விட்டா ஓட்டிப் பாக்கணும். சத்தம் வரும்."

"வரட்டும்."

"மத்தியானம் வரைக்கும் வரும்."

"வரட்டுங்கறேன்ல."

அக்கா அப்போதுதான் திரும்பி, தங்கையின் வலது கையைப் பார்த்தாள். அது பைக்குள் போயிருந்தது.

"பாப்பா. இத எழுதிக்காத."

பாப்பா கையை வெளியே எடுத்தாள். வெறுங்கை. விரித்தும் காட்டினாள்.